அக்காவின் புதுக் குரலும் என் பேஸ் கிடாரும்

என் பேஸ் கிடாரின் உடம்பில், கம்பிகளுக்குப் பக்கவாட்டில், ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. சுண்டுவிரல் நுனி அளவுதான். மேலே, நடுவே, கீழே என்று மூன்று நிலைகளில் தள்ளலாம். கிடாரை வாங்கிப் பல வருடம்வரை அந்த சுவிட்சின் நிறம் என்னவென்றே எனக்குத் தெரியாது. ஈரோட்டில் ஒரு குழுக்காரரிடம் பழசாக வாங்கியபோதே அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் நாமக்கல் லாரிப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்கெனவே யாரோ டேப் சுற்றிய இடத்தை அடுத்தவர் பிரிக்க மாட்டார். காரணம் இல்லாமலா சுற்றியிருப்பான் என்று தன் பங்குக்கு மேலே இன்னொரு சுற்றுச் சுற்றுவார். வண்டியும் ஓடும். நான் பட்டறைக்காரன் அல்ல, கோழித் தீவன ஆலையில் சரக்கு ஏற்றி அனுப்புகிற வேலையில் இருப்பவன். ஆனாலும் ஊர்ப் புத்தி எங்கே போகும்? டேப்பின் ஓரம் பிசுபிசுத்துக் கிளம்பும்போதெல்லாம் நானும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன். கடைசியில் அது அடிபட்ட விரலுக்குக் கட்டுப் போட்டதுபோல் உருண்டு நின்றது. அந்தக் கட்டை அவிழ்த்த மதிய நேரத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அவிழ்க்க வைத்தவர் எங்கள் குழுவில் பாடும் அக்கா.

எங்களுடையது கல்யாண வரவேற்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் போகிற மெல்லிசைக் குழு. எல்லாருக்கும் வேறு வேறு பிழைப்பு உண்டு. சனி, ஞாயிறுகளிலும் முகூர்த்த நாட்களிலும் மட்டும் நாங்கள் கலைஞர்கள். கீபோர்டு வாசிக்கிற மாஸ்டர்தான் தலைவர். குழுவில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஆள் ஒருவர் உண்டென்றால் அது பேஸ் வாசிக்கிற நான்தான். பாடுகிறவருக்குக் கைதட்டல், டிரம்ஸ் அடிப்பவரைச் சுற்றிக் குழந்தைகள். என்னிடம் வருபவர்கள், "ஏனுங்க, இந்தக் கிடார்ல ரெண்டு கம்பி அத்துப்போச்சுங்களா?" என்று கேட்பார்கள். நாலு கம்பிதான் உண்டு என்று சொன்னால் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். ஆனால் நான் வாசிப்பதை நிறுத்தினால் மட்டும் மண்டபமே காலுக்கடியில் எதையோ காணோமே என்பதுபோல் முழிக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு குழுவை எடை போடுவதே பேஸை வைத்துத்தான். பேஸ் வயிற்றில் வந்து இடிக்க வேண்டும். இடித்தால் நல்ல குழு, இல்லையென்றால் சுமார். அதனால் மாஸ்டரும் வேறெதுவும் கேட்டதில்லை, எனக்கும் வேறெதுவும் தோன்றியதில்லை.

அக்கா ராசிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் விற்பனைக்கு நிற்பவர். என்னைவிடச் சில வயது மூத்தவர். குரல் என்றால் அப்படி ஒரு குரல். உச்சத்தில் போய் நின்றுகொண்டு இறங்கவே மாட்டார். அவர் மேலே பாட, நான் கீழே வாசிக்க, எங்கள் இருவருக்கும் சந்திக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. மாடியில் குடியிருப்பவரும் கீழ்வீட்டுக்காரரும் போல ஒரே கட்டடத்தில் பல வருடம் இருந்தோம். மேலே நடக்கிற சத்தம் எனக்குக் கேட்கும், அவ்வளவுதான்.

பிறகு அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சேலத்தில் அறுவை சிகிச்சை செய்தார்கள். கெட்ட கட்டி இல்லை, உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள், எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் பேச்சு திரும்பி வந்தபோது பழைய குரல் வரவில்லை. வந்தது வேறொரு குரல். தாழ்வாக, கொஞ்சம் கரகரப்பாக, ஆண் குரலுக்குப் பக்கத்தில் இருந்தது. இதற்குமேல் பழைய உயரம் வராது என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். போனில் கேஸ் ஏஜென்சிக்காரர்கள் "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அக்கா அதைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

இடைப்பட்ட மாதங்களில் மாஸ்டர் ஆத்தூரிலிருந்து ஒரு கல்லூரிப் பெண்ணை அழைத்து வந்திருந்தார். நல்ல பிள்ளை, நல்ல குரல். மாஸ்டரையும் குறை சொல்ல முடியாது, ஒப்புக்கொண்ட கச்சேரிகளுக்கு யாராவது பாடியாக வேண்டும். அக்கா ஒருநாள் பயிற்சிக்கு வந்து நேராகவே கேட்டார். "மாஸ்டர், எனக்கு ஒரு பாட்டுக் குடுங்க. எறக்கிப் பாடறேன். நின்னுச்சுன்னா பாடறேன், நிக்கலைன்னா நானே மைக்கை வச்சுட்டுப் போயிருவனுங்க. ஆரும் எனக்கு வந்து சொல்ல வேண்டியதில்லை." மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் ஒரே ஒரு பாட்டு. அதோடு அக்கா குழுவில் இருப்பாரா, சேலைக்கடையோடு நின்றுவிடுவாரா என்பது தெரிந்துவிடும்.

நாங்கள் பயிற்சி செய்கிற இடம் பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற ரீட்ரெடிங் கடையின் மாடி. எதிரொலியை அடக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும், எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? அங்கேதான் அக்கா தன் புதுக் குரலில் முதல்முறையாகப் பாடினார். தாலாட்டுப் போல நிதானமாகப் போகிற பழைய பாட்டு ஒன்று. வழக்கமாகப் பாடும் சுருதியிலிருந்து வெகுவாக இறக்கி வைத்துக்கொண்டார். முதல் வரியிலேயே குரல் காணாமல் போயிற்று. உதடு அசைகிறது, கழுத்து நரம்பு தெரிகிறது, ஆனால் குரல் எதற்குள்ளோ போய்ப் புதைகிறது. மைக்கைக் கூட்டினால் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. மாஸ்டர் கீபோர்டைக் குறைத்தார், தபலாக்காரர் விரல் நுனியால் மட்டும் வாசித்தார். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் டீ குடிக்கப் போகலாம் என்று எழுந்தபோது அறையில் இருந்த சங்கடத்தைக் கையால் தொட்டுவிடலாம்போல் இருந்தது.

நான் கிடாரைக் கழற்றி வைக்கப் போனேன். அக்கா மட்டும் நகரவில்லை. "தம்பி, நீங்க இருங்க" என்றார். ஆட்கள் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, "எனக்கு ஒண்ணு தோணுதுங்க. தப்பா இருந்தாச் சிரிக்காதீங்க. நான் இப்ப எறங்கி வந்துருக்கற எடத்துல உங்க பேஸ் முன்னாடியே கால் நீட்டிப் படுத்துருக்குது. நான் எங்க போயி நிக்கறது?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை என்று சொன்ன நொடியிலேயே காதுக்குத் தெரிந்துவிட்டது. மாடியிலிருந்தவர் கீழே இறங்கி வந்திருக்கிறார், கீழ்வீட்டில் நான் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சத்தத்தைக் குறைத்து வாசித்துப் பார்த்தேன். அப்போது பாட்டுக்கு அடித்தளமே இல்லாமல் போயிற்று. "சத்தமில்லீங்க தம்பி பிரச்சன, அந்தத் தடிமன்தான்" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே என் கிடாரைப் பார்த்தவர், "அதென்னுங்க, அங்க ஒரு கட்டு?" என்று சுவிட்சைக் காட்டினார்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் தெரியாதுதான். "வாங்கறப்பவே அப்படித்தானுங்கக்கா இருந்துது" என்றேன். அக்கா கைப்பையிலிருந்து சேலைக்கடையில் நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்து நீட்டினார். நான் வெட்டி வெட்டிப் பிரித்தேன். வருட வருடமாகச் சுற்றிய டேப், ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு கச்சேரியின் புழுதியோடு வந்தது. உள்ளே சுவிட்ச் பளபளவென்று வெள்ளி நிறத்தில் இருந்தது. பயந்துகொண்டே தள்ளினேன். ஸ்பீக்கரில் டப்பென்று ஒரு சத்தம் வந்தது. இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் அந்த ஈரோட்டுக்காரர் டேப் சுற்றியிருக்க வேண்டும். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கேட்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பேஸ் கிடாரின் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்கிற காந்தக் கட்டைகள் இருக்கும். என் கிடாரில் இரண்டு. ஒன்று கழுத்துப் பக்கம், இன்னொன்று கம்பிகள் போய் முடிகிற அடிப்பக்கம். கம்பி அதிர்வதைக் காது கொடுத்துக் கேட்பவை அவைதான். கழுத்துப் பக்கம் கம்பி தாராளமாக ஆடும், அதனால் அங்கிருந்து வருகிற ஒலி உருண்டையாக, கனமாக இருக்கும். அடிப்பக்கம் கம்பி இறுக்கமாக நிற்பதால் அங்கே ஒலி மெலிந்து, கூர்மையாக வரும். எந்தக் காது கேட்க வேண்டும் என்று முடிவு செய்வது இந்த சுவிட்ச். ஒரே கம்பி, ஒரே விரல், ஒரே சுரம். கேட்கிற இடம் மாறினால் ஒலியே மாறுகிறது. நான் இத்தனை காலமும் கழுத்துப் பக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, என் கிடாருக்குக் குரலே அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்தும் நாங்கள் நிறுத்தவில்லை. நான் ஒரு நிலையில் வைத்து வாசிப்பேன், அக்கா அந்த முதல் வரியை மட்டும் பாடுவார். பழைய நிலையில் வைத்தபோது, "கம்பளியைப் போத்திட்டுப் பாடற மாதிரி இருக்குது" என்றார். அடிப்பக்கத்துக்குத் தள்ளியதும் ஒலி மூக்கால் பேசியது. "சளி புடிச்ச மாமனாட்டம் பேசறீங்க, வேண்டாம்" என்றார். எனக்கு ஒரு பக்கம் ரோஷம், ஒரு பக்கம் சிரிப்பு. விரலை வைக்கிற இடத்தை மாற்றிப் பார்த்தேன், ஒலிக் குமிழ்களைக் கால்வாசி, அரைவாசி என்று திருகிப் பார்த்தேன். ஒவ்வொரு திருகலுக்கும் கிடாருக்குள்ளிருந்து யாரோ புது ஆள் எட்டிப் பார்த்தார். இத்தனை பேரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு ஒருவரோடு மட்டுமா குடித்தனம் நடத்தினேன் என்று மலைத்துப் போனேன்.

பிறகு சுவிட்சை நடுவில் வைத்தேன். இரண்டு பிக்கப்பும் சேர்ந்து கேட்கிற நிலை. அக்கா சட்டென்று கையை உயர்த்தினார். "என்னமோ நின்னு போச்சுங்களே?" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. கவனித்தபோதுதான் தெரிந்தது. டியூப்லைட்டும் கீழே ஓடும் மோட்டாரும் சேர்ந்து என் ஆம்ப்ளிஃபையரில் எப்போதும் ம்ம்ம் என்று ஒரு இரைச்சல் இருக்கும். இருக்கிறது என்பதையே மறந்திருந்தோம். அது இல்லை. இரண்டு பிக்கப்புக்குள்ளும் இருக்கிற கம்பிச் சுருள்கள் எதிரெதிராகச் சுற்றியிருப்பதால் சேரும்போது இரைச்சல் அடிபட்டுப் போகும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது தெரிந்தது அந்த அமைதி மட்டும்தான். அதில் நான் முதல் சுரத்தை வைத்தேன். அடியில் கனம் இருந்தது, நுனியில் தெளிவு இருந்தது, நடுவில் மட்டும் சதை வற்றி ஒரு பள்ளம். அக்கா வாயைத் திறந்தார். அந்தக் கரகரத்த, தாழ்ந்த, போனில் சார் என்று கூப்பிட வைக்கிற குரல் நேராக வந்து அந்தப் பள்ளத்தில் நின்றது. எனக்கு வாசிப்பு தப்பிவிட்டது. தபலாக்காரர் வாசற்படியில் டீ டம்ளரோடு அப்படியே நின்றார். அக்கா அந்த வரியை மறுபடியும் பாடினார். அது நின்றது.

கல்யாண மண்டபம் பெரியது. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்குக் கொடுக்கிற சீர்சாமான் எல்லாம் மேடை ஓரத்தில் அடுக்கியிருந்தது. கண்ணாடி வைத்த பீரோ, கட்டில், பித்தளை அண்டா, மூடி போட்ட தூக்குப் பாத்திரங்கள். எனக்குக் கிடைத்த இடம் பீரோவுக்கும் அண்டாவுக்கும் நடுவில். முதல் பாட்டிலேயே என் பேஸுக்குப் பீரோக் கதவு கடகடவென்று ஆட ஆரம்பித்தது, பாத்திர மூடிகள் சேர்ந்து தாளம் போட்டன. ஆத்தூர்ப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டே பாடியது. அக்காவுக்கு மாஸ்டர் கொடுத்திருந்த நேரம் முதல் பந்திக்குக் கூப்பிடுகிற நேரம். கூட்டம் பாதி எழுந்துவிடும், தவறினாலும் பெரிதாகத் தெரியாது என்பது மாஸ்டரின் கணக்கு. அது இரக்கமா அவநம்பிக்கையா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

அக்கா மைக் முன்னால் வந்து நின்றார். நான் சுவிட்சை நடுவுக்குத் தள்ளினேன். பீரோ அடங்கியது. பாட்டு தொடங்கியது. முதல் சரணம் வரைக்கும் குரல் நின்றது, ஆனால் கண்ணாடிப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நடப்பவர் மாதிரி அக்கா ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்துப் பாடினார். அப்போது மாப்பிள்ளையின் மாமா, போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பவர், நேராக மேடையேறி என் காதில், "ஏனுங்க, பேஸே கேக்கலீங்களே? வவுத்துல இடிக்கோணுமுங்க" என்றார். மாஸ்டரும் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கி, ஏற்று என்று கண்ணைக் காட்டினார். வாசிக்கிற கையின் சுண்டுவிரல் சுவிட்சைத் தொட்டது. ஒரு தள்ளு தள்ளினால் மாமாவுக்கு மகிழ்ச்சி, அக்கா முழுகிப்போவார். நான் தள்ளவில்லை. அக்கா முதுகுக்குப் பின்னால் இடது கையை வைத்திருந்தார். பக்க வாத்தியக்காரர்களுக்குப் பாடகர்கள் அப்படித்தான் சைகை சொல்வார்கள். உள்ளங்கை தரையைப் பார்த்திருந்தால் அடங்கி வா என்று பொருள். அது தரையைத்தான் பார்த்திருந்தது. நான் அந்தக் கையை மட்டும் பார்த்து வாசித்தேன்.

கடைசிச் சரணத்துக்கு முன்னால் அந்தக் கை திரும்பியது. உள்ளங்கை மேலே பார்த்தது. விரல்கள் மடங்கி வா, வா என்றன. தபலாவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். இல்லை, விரல் என் பக்கம்தான் அசைந்தது. இவ்வளவு தேடிக் கண்டுபிடித்த இடத்தை இவரே மூடச் சொல்கிறாரே, கடைசி நேரத்தில் கெடுத்துக்கொள்கிறாரே என்று பதறினேன். அக்கா இன்னொரு முறை கூப்பிட்டார், இந்த முறை கொஞ்சம் கோபமாக. தள்ளினேன். டப்பென்ற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. என் பழைய பேஸ், கனத்த பேஸ், மொத்தமாக இறங்கியது. பீரோ அதிர்ந்தது, அண்டா முனகியது, மூடிகள் எல்லாம் சலசலத்தன. அதன்மேல் அக்காவின் குரல் வந்தது. அது முழுகவில்லை. ஒதுங்கவும் இல்லை. பழைய நாட்களில் உச்சத்தில் நின்றபோதுகூட அவர் அவ்வளவு தைரியமாகப் பாடி நான் கேட்டதில்லை. என் கனத்தை எல்லாம் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டு அந்தத் தாழ்ந்த குரல் ஏறி வந்தது. கடவுளே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நல்லவேளையாக எனக்கு மைக் கிடையாது.

பாட்டு முடிந்ததும் ரிக் வண்டிக்காரர் தன்னால்தான் எல்லாம் நடந்தது என்கிற திருப்தியோடு என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பந்திக்குப் போக வேண்டியவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் பெரிதாகத் தெரிந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆத்தூர்ப் பெண் மட்டும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த எடத்துல எனக்கு வரவே வராதுக்கா, எப்பிடிக்கா பாடினீங்க?" என்று கண் கலங்கக் கேட்டது. மாஸ்டர் கீபோர்டுக்குத் துணி போர்த்திக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "அடுத்த ஞாயித்துக்கெழம கெங்கவல்லியில கச்சேரி. கடையில லீவு சொல்லிருங்க சாமி" என்றார். அக்கா சரிங்க என்றார். அவ்வளவுதான் நடந்தது.

கடைசிப் பந்தியில் அக்காவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். மனசு கேட்கவில்லை. "ஏனுங்கக்கா, அத்தன பாடுபட்டு எடம் கண்டுபுடிச்சமே, கடைசில எதுக்கு என்னையக் கூப்புட்டீங்க?" என்று கேட்டேன். அக்கா ரசம் ஊற்றச் சொல்லிக் காத்திருந்தார். "எடம் உடச் சொன்னது பயத்துலங்க தம்பி. நீங்களும் உட்டீங்க. அங்க நின்னு பாதிப் பாட்டுப் பாடுனதுல இது என் குரல்தான்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. அதுக்கப்பறம் நீங்க எதுக்குங்க ஒடுங்கி நிக்கோணும்?" என்றார்.

நான் இப்போது எந்தக் கச்சேரியிலும் சுவிட்சைச் சும்மா விடுவதில்லை. பாட்டுக்கு ஒரு நிலை, மண்டபத்துக்கு ஒரு நிலை என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். இத்தனைக்குப் பிறகும் அந்தக் கிடாருக்குள்ளிருந்து நான் கேட்டிராத ஒலி ஒன்று வந்து நிற்கும்போது மேடையிலேயே வாயைப் பிளந்துவிடுகிறேன். எங்கள் குழுவின் தொடக்கப் பாட்டு இப்போது அக்காவுடையது. கச்சேரிக்கு முன்னால் அவரிடம் போய், சுவிட்சை எதில் வைக்கட்டும் என்று தவறாமல் கேட்பேன். "உங்களுக்கு எது புடிக்குதோ அதுல வையுங்க. நான் பாத்துக்கறேன்" என்பார். சொல்லிவிட்டு மைக்கின் உயரத்தைச் சரிசெய்யப் போய்விடுவார்.